அத்தியாயம் 6: உப்புக் காற்றில் கூரை மாற்றுதல்

காட்டுப்பள்ளியில் கூரை ஒழுகும் வீட்டுக்காரரிடம் கேட்டால், "ஷீட் போயிடுச்சு" என்பார். ஏறிப் பார்த்தால் ஷீட்டின் நடுப்பாகம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். போயிருப்பவை திருகுகள், திருகைச் சுற்றிய துளைகள், ஒரு ஷீட் மேல் இன்னொன்று ஏறும் இடம், சுவரோடு சேர்த்துச் சிமெண்ட் வைத்து அடைத்த விளிம்பு. கடலோரக் கூரை பரப்பில் கெடுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஓரத்தில் கெட்டுவிடுகிறது. ஆகவே கூரைக்கென்று ஒதுக்கிய பணத்தில் முதல் பங்கு பிடிமானத்துக்கும் ஓரங்களுக்கும் போகட்டும். ஷீட்டின் நிறத்தையும் பிராண்டையும் மீதிப் பணத்தில் பார்த்துக்கொள்ளலாம். கடைக்காரர் இந்த வரிசையைத் தலைகீழாகத்தான் சொல்வார். திருகு விற்று அவருக்கு என்ன மிஞ்சப்போகிறது?

காற்றும் சாம்பலும்

ஊருக்குக் கிழக்கே வங்கக் கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலை ஆற்றின் உப்பங்கழியும். தெற்கே எண்ணூர் முகத்துவாரம், வடக்கே பழவேற்காடு. எந்தத் திசையிலிருந்து காற்றடித்தாலும் உப்பு வரும். கரையில் அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றோடு வந்து கூரையில் படிந்து, பகல் வெயிலில் காய்ந்து உப்புத் தூளாகின்றன. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையும். சென்னைக் கடற்கரையில் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதம் அதற்கு மேலேதான் இருக்கிறது. மழையே பெய்யாத மாதத்திலும் உங்கள் கூரை இரவெல்லாம் உப்பு நீரில் நனைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கூரையின் மேல்பக்கத்தை மழை கழுவிவிடும். அடிப்பக்கத்தையும் தாழ்வார விளிம்பின் உள்பக்கத்தையும் எந்த மழையும் கழுவுவதில்லை. அங்கே படிந்த உப்பு வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். மேலே பளபளக்கும் தகரம் கீழிருந்து துருப்பிடித்து ஓட்டையாவது இதனால்தான். பழைய கூரையைச் சோதிக்கும்போது வீட்டுக்குள்ளிருந்து, அதுவும் கடலைப் பார்த்த பக்கத்துத் தாழ்வாரத்தின் அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். உண்மை நிலவரம் அங்கேதான் தெரியும்.

காட்டுப்பள்ளிக்கு உப்போடு இன்னொரு பங்காளியும் உண்டு. வடசென்னை அனல்மின் நிலையமும் வல்லூர் அனல்மின் நிலையமும் அருகிலேயே இருக்கின்றன. நிலக்கரி எரியும் இடத்தில் கந்தக வாயு உண்டு. ஈரத்தோடு சேர்ந்தால் அது அமிலமாகும். கூரை மடிப்புகளில் படியும் சாம்பலோ ஈரத்தைக் காயவிடாமல் பிடித்து வைக்கும். உலோகம் அரிக்கும் வேகத்தை வைத்து இடங்களை வகுக்கும் ஐ.எஸ்.ஓ. 9223 என்னும் தரநூல், தொழிற்பேட்டைகளையும் கடற்கரையில் மழை படாத மறைவிடங்களையும் 'சி5' என்ற வகுப்பில் சேர்க்கிறது. அந்த வகுப்பில் துத்தநாகப் பூச்சு ஆண்டுக்கு 4.2 முதல் 8.4 மைக்ரான் வரை கரையும்.

இதைக் கடைச் சரக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். துத்தநாகம் பூசிய இரும்புத் தகரமான ஜி.ஐ. ஷீட்டில் '120 ஜி.எஸ்.எம்.' என்று எழுதியிருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 120 கிராம் துத்தநாகம். ஒரு பக்கத்துக்கு 8 மைக்ரானுக்குச் சற்று மேல் வரும். இரண்டு ஆண்டுக்குள் அந்தப் பூச்சு போய்விடக்கூடும். '275 ஜி.எஸ்.எம்.' என்றால் பக்கத்துக்கு 19 மைக்ரான். அதுவும் நாலைந்து ஆண்டு தாங்கினால் நல்லது. காட்டுப்பள்ளியில் வெறும் ஜி.ஐ. தகரம் வாங்குவது பணத்தைக் கடலில் போடுவதுதான்.

எதைப் போடுவது

இரும்பு ஷீட்தான் வேண்டுமென்றால் அலுமினியமும் துத்தநாகமும் கலந்து பூசி, மேலே பெயிண்ட் ஏற்றிய ரகத்தைக் கேளுங்கள். கடைகளில் கால்வல்யூம் என்றும் கலர் ஷீட் என்றும் சொல்வார்கள். சதுர மீட்டருக்கு 150 கிராம் பூச்சுள்ளதா என்று பாருங்கள். அதற்குக் குறைவான மலிவுச் சரக்கும் அதே நிறத்தில் பக்கத்திலேயே அடுக்கியிருக்கும். உத்தரவாதச் சீட்டில் கடலிலிருந்து எத்தனை தூரத்துக்குள் இருந்தால் உத்தரவாதம் செல்லாது என்று எழுதியிருக்கிறதா என்பதையும் தேடிப் படியுங்கள். அந்த வரி பொடி எழுத்தில்தான் இருக்கும்.

முழு அலுமினிய ஷீட் விலை கூடுதல். என் கணக்கில் இந்த ஊருக்கு அதுதான் ஏற்றது. உப்பு அதை மெதுவாகவே தொடும். கழற்றி விற்றால் பழைய விலையும் கிடைக்கும். மெல்லியது என்பதால் காலடி பட்டால் நசுங்கும், கம்பிச் சட்டங்களை நெருக்கி வைக்க வேண்டும். இவை அதன் குறைகள்.

சீமை ஓட்டை உப்பு ஒன்றும் செய்யாது. ஆனால் ஓட்டைத் தாங்கும் ரீப்பரும், ஓட்டைக் கட்டும் கம்பியும் உப்புக்கு இரையாகும். ஓடு போடுகிறவர்கள் முகட்டு வரிசையையும் விளிம்பு வரிசைகளையும் துருப்பிடிக்காத கம்பியால் ஓட்டுக்கு ஓடு கட்ட வேண்டும். கட்டாமல் அடுக்கிய ஓடு புயலில் பறந்துபோய்ப் பக்கத்து வீட்டுக்காரர் தலையில் விழும். ஓட்டு வேலை தெரிந்த ஆட்கள் வடசென்னையில் குறைந்துவிட்டார்கள் என்பதால் ஆளைப் பிடித்த பிறகே ஓட்டுக்கு முன்பணம் கொடுங்கள்.

கீற்றுக் கூரையை ஏளனமாகப் பார்க்க வேண்டாம். வெயிலுக்கு அதைப் போல் இதமான கூரை வேறில்லை. மேலே பழைய வலையைப் போர்த்தி நாலா பக்கமும் இழுத்துக் கட்டும் மீனவர் வழக்கம் காற்றுக்கு எதிரான நல்ல பொறியியல். தீயும், ஓரிரு ஆண்டுக்கொருமுறை மாற்றும் செலவும்தான் அதன் எதிரிகள். ஆனால் தகரத்தின் மேல் கீற்றைப் பரப்பும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். குளிர்ச்சி கிடைக்கும், கூடவே ஈரமும் உப்பும் தகரத்தோடு ஒட்டிக் கிடக்கும். குளிர்ச்சி வேண்டுமென்றால் ஷீட்டுக்குக் கீழே, ஒரு சாண் இடைவெளி விட்டுக் கீற்றுத் தட்டியோ மூங்கில் பாயோ கட்டுங்கள்.

கான்கிரீட் தளம் போட ஆசைப்படுகிறவர்களே அதிகம். அதனால் அதைப் பற்றிச் சற்று நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாலு அங்குலத் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிலோ கனக்கும். ஷீட் கூரை 5 கிலோவைத் தாண்டாது. ஷீட்டுக்காகக் கட்டிய சுவரையும் மணல்மேல் போட்ட அஸ்திவாரத்தையும் நம்பித் தளம் போடுவது ஆபத்து. ஒரு பொறியாளர் நேரில் வந்து பார்க்காமல் போடாதீர்கள்.

அடுத்தது தண்ணீர். மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி எடுத்ததால் கடல்நீர் உள்ளே ஏறியது பல பத்தாண்டுகளாகப் பதிவான உண்மை. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010-ல் காட்டுப்பள்ளியிலேயே அமைந்தது. ஆனால் கொத்தனார் இன்னும் வீட்டு போர் தண்ணீரைத்தான் கலவைக்கு எடுக்கிறார். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தரநூல். கடல்நீரில் அது 19,000 மில்லிகிராம் வரை இருக்கும். உவர்ந்த போர் தண்ணீர் இரண்டுக்கும் இடையில் எங்கோ நிற்கும். கலவைக்கும் சரி, அதன்பின் நீராற்றுவதற்கும் சரி, லாரித் தண்ணீர்தான். செலவைப் பார்த்து நீராற்றுவதற்கு மட்டும் போர் தண்ணீரை விடுகிறவர்கள் தாங்களே கம்பிக்கு உப்பு ஊட்டுகிறார்கள். கடற்கரை மணலைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

மூன்றாவது, கவர், அதாவது கம்பிக்குக் கீழே அதை மூடி நிற்கும் கான்கிரீட்டின் கனம். உள்நாட்டுப் பழக்கத்தில் முக்கால் அங்குலம் விடுவார்கள், பல இடங்களில் கம்பிக்கு அடியில் ஒரு ஜல்லிக் கல்லைச் செருகுவதோடு சரி. கடலோரக் காற்றுக்கு நேராக இருக்கும் கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456 கேட்பது 45 மில்லிமீட்டர் கவரும் எம்30 கலவையும். கம்பி துருப்பிடித்தால் பருமன் பல மடங்கு ஊதும்; ஊதியது கான்கிரீட்டை உடைத்துக்கொண்டு வெளியே வரும். மீனவர் குடியிருப்புகளில் தளத்தின் அடி பெயர்ந்து கம்பி எலும்பாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். அதன்மேல் சிமெண்ட் பூசி வெள்ளையடிப்பது வைத்தியமாகாது. தட்டிப் பார்த்து ஓசை மாறும் இடமெல்லாம் உடைத்தெடுத்து, கம்பியின் பின்பக்கம் வரை தோண்டித் துருவைச் சுரண்டி, மெலிந்த கம்பிக்குத் துணைக்கம்பி கட்டி, துத்தநாக பிரைமர் அடித்து, பாலிமர் கலந்த கலவையால் நிரப்ப வேண்டும். பாதிக்கு மேல் பெயர்ந்த தளத்தை இறக்கிவிட்டு இலகுவான கூரை போடுவதே மலிவு.

இன்னொன்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். துறைமுகங்களின் அலைதடுப்புகளுக்கு வடக்கே கரை அரிக்கப்படுகிறது. கப்பல் கட்டும் தளத்துக்காகக் காட்டுப்பள்ளிக் குப்பம் இடம் பெயர்க்கப்பட்டதை ஊர் மறக்கவில்லை. நட்டும் போல்ட்டும் போட்டுப் பூட்டிய கூரையைக் கழற்றி எடுத்துப் போகலாம். கான்கிரீட் தளத்தை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

காற்று எவ்வளவு இழுக்கும்

கூரையைக் காற்று அழுத்துவதைவிட மேல்நோக்கி உறிஞ்சுவதுதான் அதிகம். சென்னைக்கு வீடு கட்டக் கணக்கிட வேண்டிய அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர் என்று ஐ.எஸ். 875 சொல்கிறது, மணிக்கு 180 கிலோமீட்டர். 2016 டிசம்பர் 12-ல் சென்னைக் கரையைக் கடந்த வர்தா மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசியது. அந்தப் புயலை 120 என்றே வைத்துக்கொண்டால்கூட, சதுர மீட்டருக்குச் சுமார் 68 கிலோ எடையளவுக்கு இழுப்பு வரும். பத்தடி நீளமும் மூன்றடிக்குச் சற்று மேல் அகலமும் உள்ள ஒரு ஷீட் மீது 200 கிலோ. ஷீட்டின் எடையோ 15 கிலோ. 180 கிலோமீட்டர் வேகத்தில் அதே ஷீட்டை 450 கிலோ இழுக்கும். மூலைகளிலும் விளிம்பிலும் இது இரட்டிப்பாகவும் போகலாம்.

கூரை மேல் வைக்கும் கருங்கல்லும் டயரும் இந்த 450 கிலோவுக்கு முன் என்ன செய்யும்? கல் பறக்கும்போது அது எறிகல்லாகிவிடும். கூரையைப் பிடித்து நிறுத்துவது ஒரு சங்கிலி: ஷீட் திருகில், திருகு சட்டத்தில், சட்டம் டிரஸ்ஸில், டிரஸ் சுவர் மேலுள்ள பெல்ட் கான்கிரீட்டில், பெல்ட் சுவரில். ஒரு கண்ணி விட்டாலும் கூரை போய்விடும். புதுக் கூரை போடும்போது சுவர்களின் தலையில் நாலு பக்கமும் சுற்றி ஒரு பெல்ட் ஓட்டி, அதிலேயே நங்கூர போல்ட்டுகளைப் புதைத்து, டிரஸ்ஸை அதில் பூட்டுங்கள். செங்கல்லுக்குள் ஆணி அடித்துக் கம்பி கட்டியதெல்லாம் புயலுக்கு முன் பிடிமானமே இல்லை.

சரிவு 20 பாகைக்கும் 30 பாகைக்கும் இடையில் இருக்கட்டும். மழைக்கென்று நீட்டும் விளிம்பு ஒன்றரை அடியோடு நிற்கட்டும். முன்வாசல் திண்ணைக்கு நிழல் வேண்டுமென்றால் அதற்குத் தனிக் கூரை. பெரிய கூரையின் நீட்சியாகப் போட்டால் திண்ணை போகும்போது வீட்டையும் இழுத்துப் போகும். இடமும் காசும் இருந்தால் நாலு பக்கமும் சரியும் கூரை இரண்டு பக்கச் சரிவைவிடக் காற்றுக்கு நன்றாக நிற்கும்.

திருகும் ஓரமும்

இந்த அத்தியாயத்தில் இதைப் படித்தால் போதும். மற்றதை விட்டாலும் பரவாயில்லை.

சாதாரணப் பொன்னிறத் திருகில் துத்தநாகம் சில மைக்ரான்தான். ஷீட் எவ்வளவு உயர்ந்த சரக்காக இருந்தாலும் அந்தத் திருகின் ஆயுள்தான் கூரையின் ஆயுள். அலுமினிய ஷீட்டுக்கு 316 ரகத் துருப்பிடிக்காத எஃகுத் திருகு; 304 ரகம் கடலோரத்தில் கறைபடும். கால்வல்யூம் ஷீட்டுக்குத் துருப்பிடிக்காத எஃகைப் போட்டால் உலோகத்துக்கு உலோகம் ஒத்துக்கொள்ளாமல் திருகைச் சுற்றிய பூச்சு கரையும். அதற்கு ஷீட் நிறுவனமே சொல்லும் கனத்த பூச்சுத் திருகை வாங்குங்கள். வாஷர் ஈ.பி.டி.எம். ரப்பராக இருக்க வேண்டும். கறுப்பாக இருக்கும் எல்லா ரப்பரும் ஈ.பி.டி.எம். ஆகிவிடாது.

திருகு ஷீட்டின் மேட்டில் ஏற வேண்டும், பள்ளத்தில் ஓடும் தண்ணீரில் கூடாது. வாஷர் லேசாகப் பிதுங்கும் அளவோடு நிறுத்துங்கள். மெஷினை விட்டு இறுக்கித் தள்ளினால் ரப்பர் கிழிந்து அன்றைக்கே ஒழுக்குக்கு வழி திறந்துவிடும். விளிம்பு வரிசை, முகடு, மூலைகள் ஆகியவற்றில் ஒவ்வொரு மேட்டிலும் திருகு. நடுவில் ஒன்றுவிட்டு ஒன்று போதும். மேலிருந்து கீழ் ஏறும் ஒட்டு அரையடிக்குக் குறையக்கூடாது. பக்கவாட்டு ஒட்டில், நம் ஊர் மழை வடகிழக்கிலிருந்து வருவதால் ஷீட் அடுக்கத் தெற்குக் கோடியில் தொடங்கி வடக்கு நோக்கிப் போங்கள். அப்போது மேலே ஏறும் ஷீட்டின் வாய் காற்றுக்கு முதுகு காட்டி நிற்கும்.

ஷீட்டை ஆங்கிள் கிரைண்டரால் வெட்ட விடாதீர்கள். தீப்பொறி பூச்சைச் சுட்டுவிடும். சிதறிய இரும்புத் தூள் மறுநாளே துருப்புள்ளியாகும். வெட்டக் கத்திரியும் நிப்லரும் இருக்கின்றன. வேலை முடிந்ததும் துளையிட்ட தூளைத் துடைப்பத்தால் கூட்டி இறக்கச் சொல்லுங்கள். "மழை வந்தா போயிடும் சார்" என்று வெல்டர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சுவரும் ஷீட்டும் சேரும் இடத்தைச் சிமெண்ட் பூசி அடைப்பதுதான் வடசென்னை முழுக்கப் பார்க்கும் தவறு. ஈரச் சிமெண்டின் காரம் அலுமினியத்தையும் துத்தநாகத்தையும் தின்னும். சிமெண்ட் பூச்சும் வெயிலில் விரிந்து வெடிக்கும். அந்த இடத்துக்கு அதே உலோகத்தில் மடித்த பட்டையைச் சுவரில் பதித்து ஷீட் மேல் தொங்கவிடுவதுதான் முறை.

டிரஸ்ஸுக்கு ஜி.ஐ. சதுரக் குழாய் போட்டால் இரண்டு முனையையும் மூடி வெல்டு செய்யச் சொல்லுங்கள். திறந்த குழாய் உள்ளிருந்து துருப்பிடிக்கும், வெளியே தெரியவே தெரியாது. வெல்டு வைத்த இடத்திலெல்லாம் துத்தநாகம் எரிந்துபோயிருக்கும். அங்கே கரும்பூச்சைச் சுரண்டிவிட்டுத் துத்தநாக பிரைமர் இரண்டு கை. வெறும் ரெட் ஆக்சைடு போதாது.

பழைய ஆஸ்பெஸ்டாஸை இறக்கும்போது

இந்தப் பட்டையில் பழைய கூரைகள் பெரும்பாலும் சிமெண்ட் ஷீட். அதில் ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நார் இழை இருக்கிறது என்றே கொள்ளுங்கள். எந்த வகைக் கல்நாரும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நோய் வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகலாம். முழு ஷீட் அதிகம் தொல்லை தராது. உடைப்பதும் அறுப்பதும் உலர்ந்த தூளைக் கூட்டுவதும்தான் இழையைக் காற்றில் ஏற்றும். தண்ணீர் தெளித்து நனைத்து, துருப்பிடித்த ஜே-போல்ட்டை ஷீட்டை உடைக்காமல் அறுத்து, முழுசாகக் கையில் இறக்குங்கள். எஃப்.எஃப்.பி.3 அல்லது பி100 ரக முகக்கவசம் வேண்டும். துண்டைக் கட்டிக்கொள்வது உதவாது. குழந்தைகள் அன்று உறவினர் வீட்டில் இருக்கட்டும். அன்று உடுத்திய துணியைத் தனியே அலசுங்கள்.

பழைய ஷீட் மேல் நேரடியாகக் கால் வைக்காதீர்கள். கூரை வேலையில் விழுந்து சாகிறவர்களில் பலர் ஷீட்டை உடைத்துக்கொண்டு உள்ளே விழுகிறவர்கள். இரண்டு சட்டங்களுக்கு மேல் பலகை போட்டு, பலகை மேல்தான் நடக்க வேண்டும். மின்வாரியத்திடம் சொல்லி சர்வீஸ் ஒயரைத் துண்டித்த பிறகே ஏற வேண்டும்.

இறக்கிய ஷீட்டைக் குளியலறைச் சுவராகவோ கோழிக்கூண்டாகவோ மாற்றாதீர்கள். கழிமுகத்தில் தள்ளவும் வேண்டாம். கனத்த பாலித்தீனில் சுற்றி வையுங்கள். அபாயக் கழிவைப் புதைக்கும் நிலையம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கிறது. ஒரு வீட்டின் பத்து ஷீட்டுக்காக யாரும் வண்டி அனுப்பப்போவதில்லை. தெருவில் நாலைந்து வீடுகள் ஒன்றாக மாற்றும்போது ஊராட்சி வழியாகக் கேட்டால் பேச ஒரு பலம் இருக்கும்.

எப்போது, யாரைக் கேட்டு

பொங்கல் கழிந்து சித்திரை முடிவதற்குள் வேலையை முடிப்பது நல்லது. ஆடி, ஆவணியில் சாயங்கால இடிமழை தொல்லை தரும். ஐப்பசி பிறந்தால் கூரையைத் திறக்கவே கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் உதவிக்குக் கை கிடைக்கும், ஆனால் கையில் காசு இருக்காது. பொருளை மாசியிலேயே வாங்கி வைப்பவர்கள் கெட்டிக்காரர்கள். வாங்கிய ஷீட்டை ஈரத்தோடு அடுக்கி வைக்காதீர்கள். இடுக்கில் வெள்ளைத் துரு பிடிக்கும்.

கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில், அனுமதியோடு இருக்கும் வீட்டின் தரைப்பரப்பும் அளவும் கூடாமல் பழுது பார்க்க இடமுண்டு. கூரையோடு ஒரு மாடியையும் சேர்த்துக் கட்டினால் அது வேறு கணக்கு, வேறு அனுமதி. குடிசையில் இருப்பவர்கள் கூரை வாங்கும் முன் மீஞ்சூர் ஒன்றிய அலுவலகத்தில் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தைக் கேட்டுவிடுங்கள். 2024-ல் அறிவித்த அந்தத் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். அதில் 300 சதுர அடி கான்கிரீட் தளம். பட்டா இல்லாமல் பெயர் சேராது. அப்படிக் கிடைக்கும் வீட்டுக்கும் மேலே சொன்ன தண்ணீரும் கவரும் பொருந்தும். ஒப்பந்ததாரர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியது வீட்டுக்காரர்தான்.

கூரை போட்டு முடித்த பிறகு, போட்ட அதே ரகத் திருகில் ஐம்பதை மிச்சம் எடுத்துப் பாட்டிலில் போட்டு வையுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை தாழ்வாரத்தின் அடியை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். ஒவ்வொரு புரட்டாசியிலும் ஒரு காலை வேளையில் பலகை போட்டு ஏறி, விளிம்பு வரிசைத் திருகுகளைக் கையால் அசைத்துப் பாருங்கள். ஆடும் திருகை அன்றே மாற்றிவிடுங்கள்.